மஃப்ளர் திணித்த வாளி

விடிகாலை ஐந்தரை மணி. கரையிலிருந்து மீன்பட்டி வரைக்கும் முக்கால் மைல் சேற்றுப் பாதை. வீடு இல்லை, விளக்கு இல்லை. எதிரே ஒரு நாய்கூட வராது... ஏனென்றால் அந்தப் பாதை நாளுக்கு இரண்டு தடவை கடலுக்கு அடியில் போய்விடும்.

எங்கள் ஃபண்டி கடல் அப்படி. வற்றினால் கண்ணுக்கெட்டாத தூரம் போகும். ஏறினால் நாலு மாடி உயரம் ஏறும். வற்றின தரையில் கம்புகளை நட்டு வலையைக் கட்டி வைத்திருப்போம். ஆட்டுப்பட்டி மாதிரிதான், மீனுக்கு. ஏற்றத்தில் உள்ளே வந்த மீன் வற்றில் மாட்டிக்கொண்டு கிடக்கும். நடந்து போய் அள்ளிக்கொண்டு, தண்ணீர் திரும்புவதற்குள் நடந்தே வந்துவிட வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

அந்தப் பாதையில் நடந்த கதை இது. நடந்தது டார்சியின் தாய்மாமன் ஹாலிஸுக்கு. நான் இதைச் சொன்ன ராத்திரி டார்சி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் காலை மிதிப்பான்.

வலைக் கொட்டகையில் ஆறேழு பேர் இருந்தோம். ஜூன் மாதம்தான், ஆனாலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே மூடுபனி. தார்க் கயிறு வாசனை, ஈரக் கம்பளி வாசனை, யாரோ அடுப்பு மேல் வைத்து மறந்துபோன டீ கருகும் வாசனை. அடுத்து பட்டிக்கு இறங்குவது எப்போது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"நாளான்னைக்கு அமாவாசை. கடல் நல்லா உள்ள போகும். பட்டியோட கடைசிக் கம்பு வரைக்கும் கால் நனையாம போகலாம்," என்றான் டார்சி.

"காத்து?"

"தென்மேற்குன்னு ஹாலிஃபாக்ஸ் ரேடியோக்காரன் சொல்றான்."

"அப்ப பனி விலகாது. ரெண்டு நாள் தள்ளிப் போடலாமே?"

"தள்ளிப் போட்டா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அரைநிலா வந்துடும், தண்ணி பாதிக்கு மேல வத்தாது. மீனைக் கடல் காக்கா தின்னுட்டுப் போகும்."

"வத்து எத்தனை மணிக்கு?"

"ஏழேகால்."

"கூட்டியாச்சா?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். உடனே சிரிப்பு.

இது எங்கள் ஊர்க் கேள்வி. கடல் ஏறி வற்றும் நேரங்களுக்கு அரசாங்கம் அச்சடிக்கும் ஓதப் புத்தகத்தில் இருப்பது குளிர்கால மணி. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுகிறோமே, அதனால் புத்தகத்து நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்தவன் ஒரு மணி முன்னாடியே போய் முழங்கால் தண்ணீரில் நின்று திட்டு வாங்குவான். கல்யாணத் தேதி சொன்னாலும் "கூட்டியாச்சா?" என்று கேட்பார்கள். பாதிரியார் ஞாயிறு பூசைக்கு நேரம் சொன்னாலும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் வென்டல். அவன் உள்நாட்டுக்காரன். இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு போன வாரம்தான் எங்களோடு சேர்ந்தான். பெரிய உடம்பு, பெரிய வாய். உட்கார இடம் தேடி, ஆணியில் தொங்கிய பழைய தகர வாளியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்க்கப் போனான். உள்ளே நீலக் கம்பளி மஃப்ளர் ஒன்று இறுக்கமாகத் திணித்திருந்தது. அதைப் பிடித்து இழுத்தான்.

"யோவ்! வை அதை!" என்று கத்திவிட்டேன்.

"என்னய்யா, வாளிக்குக் குளுருதா?"

யாரும் சிரிக்கவில்லை. டார்சி எழுந்து போய் வாளியை வாங்கினான். மஃப்ளரை விரலால் அழுத்தி உள்ளே தள்ளினான். தன் முழங்கால்களுக்கு நடுவே வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்லிடுங்கண்ணே," என்றான் என்னிடம். "இல்லன்னா இவன் என்னிக்காவது ஒரு நாள் தட்டித் தொலைச்சிடுவான்."

வெளியே தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வென்டல் ஜன்னலைப் பார்த்து, "எவனோ ரோட்டுல பனியில மாட்டிக்கிட்டான்," என்றான்.

நான் ஆரம்பித்தேன்.

ஹாலிஸ், எல்டன். அண்ணன் தம்பி. இருவருக்கும் ஒரே பட்டி. ஹாலிஸ் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. கணக்கு அவனுடையது, கால் எல்டனுடையது. எந்த நிலாவுக்கு இறங்கலாம், காற்று எப்படி, வற்று எத்தனை மணிக்கு... எல்லாம் ஹாலிஸ் பார்த்துச் சொல்வான். எல்டன் வாளியை எடுத்துக்கொண்டு இறங்குவான். ஹாலிஸ் கரையில் எல்டனுடைய பச்சை பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருப்பான். எப்போதாவது முறை மாற்றிக்கொள்வார்கள்.

பனி வந்துவிட்டால் எங்களுக்கு ஒரே வழிதான். கரையில் இருப்பவன் ஹாரனை நீளமாக ஒரு தடவை அடிப்பான். சேற்றில் இருப்பவன் வாளியை ஒரு தடவை தட்டுவான். அடிப்பான், தட்டுவான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வர வேண்டியதுதான். கரை ஏறியதும் மூன்று தட்டு. 'வந்துவிட்டேன், நிறுத்து' என்று அர்த்தம். அந்த மூன்று தட்டு கேட்கும் வரைக்கும் ஹாரன் அடிப்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் நகரக் கூடாது.

ஒவ்வொருவன் கைக்கும் ஒரு தினுசு உண்டு. எல்டன் பொறுமை இல்லாதவன். நீளமாக ஒன்று அடித்த பிறகு, மறந்துபோன மாதிரி கடைசியில் ஒரு குட்டிச் சத்தம் வைப்பான். பாஆஆம்... பிப். 'சீக்கிரம் வாடா, பசிக்குது' என்கிற மாதிரி. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம். எல்டன் இறங்கினான், ஹாலிஸ் கரையில். பனி வந்தது. ஹாலிஸ் அடித்தான், எல்டன் தட்டினான். அடித்தான், தட்டினான்... பிறகு தட்டு எங்கேயோ இடம் மாறிக் கேட்டது. பிறகு தூரமாக. பட்டிக்கும் கரைக்கும் நடுவே ஒரு ஓடை இருக்கிறது. தண்ணீர் திரும்பும்போது முதலில் அதுதான் நிரம்பும். நமக்கு முன்னால் கடல் அமைதியாகத் தெரியும், முதுகுக்குப் பின்னால் வழி அடைத்திருக்கும்.

ஹாலிஸ் அடித்துக்கொண்டே இருந்தான். பட்டியின் உச்சிக் கம்பு முழுகியிருக்கும் நேரம் தாண்டியும் அடித்தான். மத்தியானம் பனி விலகிக் கடல் கரை வரைக்கும் பளபளவென்று நிறைந்து நின்றது. அப்போதும் அடித்தான். பேட்டரி தீர்ந்து, ஹாரன் ஆடு மாதிரி முனகி நின்ற பிறகு நாங்கள்தான் அவனை வண்டியிலிருந்து இறக்கினோம். விரல்கள் அந்தப் பட்டனை அழுத்தியபடியே மடங்கிப்போயிருந்தன.

எல்டன் கிடைக்கவில்லை. வாளி மட்டும் பத்து நாள் கழித்து அக்கரையில் ஒதுங்கியது.

உடம்பில்லாத சாவுக்கு ஒரு பூசை வைத்தார்கள். ஹாலிஸ் அழவில்லை. யார் யாரோ தட்டில் வைத்துக் கொடுத்த முட்டை சாண்ட்விச்சை எல்லாம் வாங்கித் தின்றான். "இன்னொன்னு?" என்றால் இன்னொன்று. ஐஸ் தண்ணீரில் கையை ரொம்ப நேரம் வைத்திருந்தால் ஒரு கட்டத்தில் கையே இல்லாத மாதிரி இருக்குமே... அது அவனுக்கு உள்ளே நடந்துவிட்டது. அவனே டார்சியிடம் பிறகு சொன்னான், "வலி இருந்தா பரவால்லடா. ஒண்ணுமே இல்ல. நாக்குல உப்புகூடத் தெரியல."

எல்டனின் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி எறிந்தான். வண்டியை மேட்டில் தன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். அடுத்த வசந்தத்தில் பட்டியை மறுபடி கட்டினான், இந்தத் தடவை நடப்பதும் அவனே. கரையில் ஹாரன் அடிக்க ஆள் வேண்டும். எல்டனின் மனைவி வெர்னா வந்தாள்.

"நீ எதுக்கு?" என்று கேட்டிருக்கிறான்.

"பாதிப் பட்டி என்னுது. வேற யாரு வருவா?"

அவளிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. அதன் ஹாரன் மெல்லிசு, குருவி மாதிரி. ஒரு மாதம் அப்படியே போனது. நல்ல வானிலையாகப் பார்த்தே ஹாலிஸ் இறங்கினான். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவள் தெர்மாஸில் டீ கொண்டுவருவாள். அவன் குடிப்பான். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டான்.

அந்த நாள்... அமாவாசைக்கு முந்தின நாள். விடிகாலை ஐந்தரை. கிழக்கே வெளுத்திருந்தது. காற்று இல்லை. அவன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் டீயை ஊற்றிக்கொண்டே, ஊர்ப் பழக்கத்தில், வாய் போன போக்கில் கேட்டாள்:

"வத்து ஆறரைதானே? கூட்டியாச்சா?"

ஹாலிஸ் பூட்ஸைப் பாதி மாட்டியபடி நின்றான்.

"போன வருஷம் ரெண்டு தடவை கூட்டிட்டேன்," என்றான்.

"என்ன?"

"எப்பவும் அரசாங்கப் புத்தகம்தான் பார்ப்பேன். போன வருஷம் பெட்ரோல் கடைக்காரன் குடுத்த காலண்டரைப் பார்த்தேன். அவன் கூட்டியே அச்சடிச்சிருந்தான். நான் அது மேல இன்னொரு மணி கூட்டிட்டேன். எல்டன் இறங்கினப்பவே தண்ணி திரும்புற நேரம்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னான்.

வெர்னா தெர்மாஸ் மூடியைத் திருகினாள். முழுசாக மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நேரமாகுது," என்றாள். "இறங்கு."

அவன் இறங்கினான்.

பட்டியில் அன்று நல்ல மீன். தட்டை மீனும் ஷாட் மீனும் சேற்றில் வாலடித்துக்கொண்டு கிடந்தன. குனிந்து அள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது, கைக்கெட்டும் தூரத்துக் கம்பு தெரியவில்லை. தென்மேற்குக் காற்று எப்போது எடுத்ததென்று தெரியவில்லை... பனி மூடிவிட்டது. பகல்தான். வெளிச்சம் இருக்கிறது. ஆனால் எல்லாத் திசையும் ஒரே வெள்ளை.

குருவி ஹாரன் கேட்டது. தட்டினான். மறுபடி கேட்டது. தட்டினான், அந்தத் திசையில் நாலடி வைத்தான்.

பிறகு கேட்கவில்லை.

நின்றான். வாளியைத் தட்டினான். ஒன்றுமில்லை. சேற்றில் நண்டு வளையில் தண்ணீர் குமிழ் விடும் சத்தம் மட்டும், ப்ளக்... ப்ளக்...

அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. பயம் வரவில்லை. 'சரிதான்' என்று மட்டும் தோன்றியதாம். வாளியில் இருந்த மீனைக் கொட்டினான், கவிழ்த்துப் போட்டான், அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

தண்ணீர் வந்தது. பூட்ஸ் நுனியைத் தொட்டது, கணுக்கால் ஏறியது. கொட்டின மீன்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நீந்திப் போயின. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அப்போது...

"பாஆஆம்."

குருவி இல்லை. கரகரத்த, தொண்டை கட்டின சத்தம். அவனுக்குத் தெரிந்த சத்தம். போன வருஷம் அவன் கையிலேயே செத்துப்போன சத்தம். பேட்டரி கழற்றின வண்டியின் சத்தம்.

ஒரு நொடி அமைதி. அதற்குப் பிறகு, பின்னாலேயே, மறந்துபோன மாதிரி...

"பிப்."

கொட்டகையில் நான் இதைச் சொன்னபோது அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. வென்டல் துள்ளிவிட்டான். அவனே அதற்குச் சிரித்தும் கொண்டான்.

ஹாலிஸுக்குப் பயம் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அது. எழுந்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர். மூழ்கிய வாளியைத் தூக்கி எடுத்தான், தண்ணீரைக் கொட்டினான், ஒரு தட்டு தட்டினான்.

பாஆஆம்... பிப்.

நடந்தான். ஹாரன் நேர் வழியில் கூப்பிடவில்லை. வலது பக்கமாக இழுத்தது. இழுத்துக்கொண்டே போய் ஓடையில் சரளைக்கல் மேடு இருக்கும் இடத்தில் கொண்டு விட்டது. ஓடையைக் கடக்க அந்த ஒரு இடம்தான் உண்டு. அதை எல்டன்தான் கண்டுபிடித்து வைத்திருந்தான், ஹாலிஸுக்குச் சரியாகத் தெரியாது. நெஞ்சு வரை தண்ணீர். வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் தட்டிக்கொண்டே கடந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

கரை ஏறினான். வெர்னாவின் கார் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் மடியில்.

அவன் கதவைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நான் அடிக்கல ஹாலிஸ்."

"தெரியும்."

"ரெண்டு தடவை அடிச்சேன். அப்புறம் கை போகல. போகவே இல்ல."

"தெரியும் வெர்னா. பரவால்ல."

"பரவால்லன்னு சொல்லாத. சொல்லாத." பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள், "அப்ப அடிக்கிறது யாரு?"

மேட்டிலிருந்து, கொட்டிலுக்குப் பின்னாலிருந்து... பாஆஆம். பிப்.

இருவரும் ஏறிப் போனார்கள். பச்சை வண்டி புல் மண்டி நின்றது. முன்மூடி திறந்தே கிடந்தது. பேட்டரி இருந்த இடத்தில் ஏதோ பறவை கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்தது. வண்டி அதிர்ந்தது, கூட்டிலிருந்து ஒரு காய்ந்த புல் கீழே விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளிருந்து வெளுத்திருந்தது. மூச்சுப் பட்டால் வெளுக்குமே, அப்படி.

வெர்னா ஹாலிஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தட்டு! மூணு தட்டு! வந்துட்டேன்னு சொல்லு அவன்கிட்ட. சொல்லாம அவன் நகர மாட்டான். உனக்குத் தெரியும்ல, நகர மாட்டான்!"

ஹாலிஸ் கையைத் தூக்கினான். தூக்கின கை அப்படியே நின்றது.

"தட்டினா போயிடுவான் வெர்னா," என்றான்.

அப்போதுதான் அழுதானாம். ஒரு வருஷம் முழுக்க வராதது எல்லாம் வந்தது. புல்லில் உட்கார்ந்து, வாளியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மாடு கத்துகிற மாதிரி அழுதான். வெர்னா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு தன் கழுத்தில் இருந்த நீல மஃப்ளரை அவிழ்த்தாள். வாளியை அவனிடமிருந்து பிடுங்கி, மஃப்ளரைச் சுருட்டி உள்ளே திணித்தாள். அடி வரைக்கும் குத்திக் குத்தித் திணித்தாள், எது மோதினாலும் சத்தம் வராத அளவுக்கு.

"இருக்கட்டும்," என்றாள். "அடிக்கட்டும்."

அதற்குப் பிறகு ஏழு வருஷம். பனி வரும்போதெல்லாம் வெர்னா மேட்டுக்குப் போய் அந்த வண்டியில், ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் அல்ல, மறு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மடியில் பின்னல் வேலை இருக்கும். ஹாலிஸ் வேறு வாளி வாங்கிக்கொண்டான். கரை ஏறியதும் மூன்று தட்டு மட்டும் தட்டவே மாட்டான். போன ஜனவரியில் படுக்கையில் செத்தான். வெர்னா நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வாளி டார்சிக்கு வந்தது.

சொல்லி முடித்தேன். கருகின டீயை யாரோ இறக்கி வைத்தார்கள்.

"நல்லாத்தான் கதை கட்டுறீங்கய்யா," என்றான் வென்டல். ஆனால் குரல் பாதியாகிவிட்டிருந்தது. "சரி... ரோட்டுல அடிச்சுக்கிட்டே இருக்கானே ஒருத்தன், அவனைப் போய் யாராவது பாருங்களேன். பாவம்."

"எந்த ரோடு?" என்றான் டார்சி. "அந்தப் பக்கம் ரோடே கெடையாது. மாமா கொட்டில்தான் இருக்கு."

வென்டல் மறுபடி ஜன்னலைப் பார்த்தான்.

பாஆஆம்... பிப்.

நாங்கள் பழகினவர்கள். ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். கேட்டால் ஒன்றும் தோன்றாது. வீட்டில் ஓடும் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அதனால் அடுத்ததற்குத்தான் நாங்கள் தயாராக இல்லை.

அது மேட்டிலிருந்து வரவில்லை. மறு பக்கத்திலிருந்து, கடல் பக்கத்திலிருந்து வந்தது.

டங்.

எல்லோரும் வாளியைப் பார்த்தோம். டார்சியின் முழங்கால்களுக்கு நடுவில்தான் இருந்தது. மஃப்ளர் உள்ளே இருந்தது. அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான்.

டங்.

இன்னும் பக்கத்தில். கரைக்கல் ஓரத்தில்.

டங்.

பிறகு ஹாரனுக்காகக் காத்திருந்தோம். அடுப்பு அணையும் வரைக்கும் காத்திருந்தோம். அது அடிக்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அடிக்கவில்லை, எவ்வளவு பனி வந்தாலும்.

யாரோ ஒருவர் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார். எல்டனா, ஹாலிஸா, தெரியாது. டார்சி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கை இரண்டும் மட்டும் ஜில்லென்று மரத்துக் கிடந்தன.

மூன்றாவது தட்டு கேட்டதும் வென்டல்தான் முதலில் எழுந்தான். சுவரில் தொங்கிய ஓத அட்டவணை அருகே போனான். விரலை வைத்துத் தேதியைத் தேடினான், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"நிறைநீர்," என்றான். "சரியா இப்பதான். பட்டி மேல முப்பது அடி தண்ணி நிக்குது, நடந்து வர பாதையே இல்ல."

கூட்டியாச்சா என்று யாரும் கேட்கவில்லை.